சோபாவுக்குத் தைத்த போர்வை

எங்கள் வீட்டில் சோபா கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில் ஒரு கட்டில், ஒரு டிவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். விருந்தாளி மூன்று பேராக வந்தால் மூன்றாவது ஆள் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத்தான் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, ஐந்து மாதம், சோபாவுக்கு என்று சொல்லி ஒரு போர்வை தைத்தோம். ஆரணியில் எங்கள் தெருவே அதை நம்பியது. நம்பாதவர்கள் நம்பியது போல நடந்துகொண்டார்கள், அதுவும் ஒரு நாகரிகம்தான்.

நாலு பேர் என்றால் நான், என் வீட்டுக்காரர், மகள், மகன். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். அவர் பட்டு நெய்கிறார். மகன் ஏதோ ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான். பின்னால் கேட்கும் தறிச் சத்தத்தை வைத்து அவன் ஏதோ தொழிற்சாலைக்குள் உட்கார்ந்திருப்பதாக அந்தப் பக்கம் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். மகளைச் சேத்துப்பட்டில் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு நாலாம் மாதம் நடக்கும்போது டாக்டரம்மா நடமாடாமல் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டதால், எங்கள் கூடத்துக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள்.

அது அவளுக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அப்போது நான் ஒரு காரியம் செய்திருந்தேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் மகள் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று போனில் சொன்ன வாரமே, கடைத்தெருவில் ஒரு மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் கை கேட்கவில்லை. உள்ளங்கை அகலச் சட்டை. மார்பில் வாத்துப் படம். வாங்கி வந்து பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்தேன். பத்தாம் நாள் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

டாக்டரம்மா அதற்கெல்லாம் உடம்புதான் காரணம், வேறு எதுவும் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்துவிட்டால் மட்டும் மனசு கேட்டுவிடுமா? சட்டை பீரோவிலேயே கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தட்டைப் பார்க்காமல் புடவையை எடுக்கப் பழகிக்கொண்டேன்.

அதனால் இந்தத் தடவை சட்டம் போட்டேன். வீட்டில் யாரும் குழந்தை என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. பெயர் யோசிக்கக் கூடாது. நாள் எண்ணுவதென்றால் மனசுக்குள் எண்ணிக்கொள்ள வேண்டும். ஒரு முழத் துணிகூட வாங்கக் கூடாது. சூடு கண்ட பூனை நான். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம்.

மகளுக்குப் படுத்துக்கொண்டே இருப்பது பேஜாராக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் போனைத் தூக்கி என்னிடம் காட்டினாள். ஒரு வெளிநாட்டு அம்மாள் நல்ல நல்ல துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, வெட்டியதையெல்லாம் மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டேன். இதற்கு குவில்ட் என்று பெயர், ஒட்டுப்போர்வை, மேலே துண்டுத் துணி, நடுவில் கனமாக ஒன்று, அடியில் ஒன்று, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுவார்கள் என்று மகள் விளக்கினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "நாமளும் ஒண்ணு தைக்கலாமாம்மா? பழந்துணியில" என்றாள்.

தறி நின்றது. மகனுடைய கீபோர்டுச் சத்தமும் நின்றது. பிறந்த பிள்ளையை முதலில் புதுத் துணியில் கிடத்த மாட்டோம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் கிடத்துவோம். அவள் பழந்துணி என்று சொன்னது எதற்கு என்று நாலு பேருக்கும் தெரியும்.

"யாருக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே மகன் சொன்னான்: "சோபாவுக்கு."

"ஆமா, சோபாவுக்குத்தான்" என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ பத்து வருஷமாக அந்த வீட்டில் சோபாவில் சாய்ந்து படுத்தவர் மாதிரி. தறி மறுபடி ஓடத் தொடங்கியது. நான் எழுந்து சமையலறைக்குப் போய், காய்ந்திருந்த பாத்திரங்களை மறுபடி ஒரு முறை கழுவினேன்.

முதல் ஒன்றரை மாதம் நான் அதைத் தொடவில்லை. கிட்டேயும் போகவில்லை. அவர்கள் மூன்று பேரும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் கதவோரத்தில் நின்று குறை சொல்வேன். குறை சொல்ல நிறையவே இருந்தது.

முதலாவது, என் வீட்டுக்காரருக்கு முடிச்சுப் போடத் தெரியாது. முப்பது வருஷமாகத் தலைமுடியைவிட மெல்லிசான பட்டிழையோடு மல்லுக்கு நிற்கிற மனுஷர். இழை அறுந்தால் நெசவுக்காரர் முடிச்சுப் போட மாட்டார்கள். விரலில் சாம்பலைத் தொட்டு இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்குவார்கள், அவ்வளவுதான். முடிச்சு இருந்தால் புடவையில் புடைத்துத் தெரியும், அது அவமானம். அவர் தையல் நூலின் முனையையும் அப்படியே முறுக்கி விட்டுவிட்டு ஊசியை ஓட்டினார். ஒரு சாயங்காலம் முழுக்கத் தைத்த பதினாறு சதுரத்தை மகள் கையில் எடுத்ததும் பதினாறும் தனித்தனியாக அவள் மடியில் விழுந்தன. முடிச்சுப் போடுங்கப்பா என்று அவள் கெஞ்சினாள். அவர் போட்டார், ஆனால் தப்புச் செய்கிற முகத்தோடு போட்டார்.

மகன் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் வரைந்தான். எந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் எந்தச் சதுரம், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று கலர் கலராக இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் இருந்த நிறம் ஒன்றுகூட எங்கள் வீட்டுத் துணியில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தவை லுங்கிக் கட்டம், நைட்டிப் பூ, பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலம், கறை போகாத, பழுப்பேறிய வெள்ளை. ஆரணியில் இருந்துகொண்டு பட்டில் தைக்கவில்லையா என்று எதிர் வீட்டு அக்கா கேட்டாள். பட்டு நெய்கிற வீட்டில் பட்டு ஏது? ஊர் உலகத்துக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்து அனுப்புகிறவரின் பெண்டாட்டியான எனக்கு அடுப்பங்கரையில் கட்ட நல்ல காட்டன் கிடையாது. அதையும் அப்போதே அக்காவிடம் சொன்னேன், அவர் காதில் விழும்படியாக.

துணியைக் கிழிப்பது மட்டும் அவர்களுக்கு அருமையாக வந்தது. கத்தரிக்கோலே வேண்டாம், ஓரத்தில் பல்லால் ஒரு கடி, பிறகு இழை ஓடும் வழியே சர்ரென்று ஒரு இழுப்பு. என் வீட்டுக்காரர் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து கொடியில் தன் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைத் தேடினார். அது முப்பத்தாறு சதுரமாகக் கட்டில்மேல் கிடந்தது. துண்டோடு நின்றபடி, அந்த லுங்கி இன்னும் ரெண்டு வருஷம் வந்திருக்கும் என்று சொன்னார். சோபாவுக்குத்தானே அப்பா என்றான் மகன். அவர் வேறு லுங்கி தேடப் போய்விட்டார். அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு சக்தி இருந்தது.

இன்னொன்றும் நடந்தது, அதை அப்போது நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தைத்து முடித்த பகுதியை என் வீட்டுக்காரர் ஒரு மூங்கில் கம்பில் சுற்றிச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். தறியில் அப்படித்தான். நெய்ய நெய்யப் புடவை முன்னால் இருக்கும் கட்டையில் சுருண்டுகொள்ளும், நெய்கிறவர் கண்ணில் படுவது கடைசி ஒரு முழம்தான். ஒரு வரிசை முடிந்ததும் ஒரு சுற்று, அடுத்த வரிசை. சுத்தமாக இருக்கும், தரையில் புரளாது என்று மகளும் ஒப்புக்கொண்டாள்.

நான் எப்போது உட்கார்ந்தேன் என்று கேட்டால், கோபத்தில்தான் உட்கார்ந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் மகன் ஓட்டிய தையல் பல் போன சீப்பு மாதிரி இருந்தது. ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு எறும்புக் குடும்பம் போய்வரலாம். ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கிற எனக்கு ஒரு கோணல் தாங்காது. நகருடா என்று சொல்லி ஊசியைப் பிடுங்கினேன். பிடுங்கினது பிடுங்கினதுதான், அன்றைக்கு ஒன்பது சதுரம் தைத்துவிட்டுத்தான் எழுந்தேன். சோறு வைக்க மறந்துபோனது. நாலு பேரும் உப்புமா சாப்பிட்டோம். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த மூன்றரை மாதம் போல நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சிரித்ததே இல்லை. அதற்கு முன்னால் சாயங்காலம் என்றால் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். இப்போது கட்டிலைச் சுற்றி நாலு பேர், நடுவில் ஒரு துணிக்குவியல். என் தையல்தான் நெருக்கம் என்று நான் சொல்வேன், என் தையல்தான் நேர் என்று அவர் சொல்வார், மகன் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்து இரண்டும் இல்லை என்பான். பூப்போட்டதற்குப் பக்கத்தில் கட்டம் போட்டது வரலாமா கூடாதா என்று இரண்டு நாள் அவரும் நானும் பேசாமல் இருந்திருக்கிறோம். ஊசியில் நூல் கோக்க இருந்தது ஒரே கண்ணாடி, அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். அதனால் சண்டை போட்டாலும் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது.

தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பழந்துணி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஒருவரும் பழந்துணி கொடுக்க மாட்டார்கள். கௌரவம். தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணியை, மடிப்புக் கலையாததை, கொண்டுவந்து நீட்டினார்கள். எதிர் வீட்டு அக்கா கொடுத்த ஊதா ரவிக்கைத் துணியை நான் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டேன், போன தை மாதம் நான் அவளுக்கு வைத்துக் கொடுத்ததுதான் அது. எனக்கு அதை வைத்துக் கொடுத்தவள் தேவிகாபுரத்தில் இருக்கும் என் தங்கை. புதுசாக இருக்கிறதே, இதை எப்படிச் சேர்ப்பது என்று யோசித்தோம். மகள் அதை வாங்கி, தினம் குளிக்கும்போது சோப்புப் போட்டுக் கசக்கி, கசக்கி, இருபது நாளில் கிழவியாக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சேத்துப்பட்டிலிருந்து வருவார். உரக்கடையில் வேலை. அதிகம் பேசாத ஆள். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நாங்கள் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் ஞாயிறு, இது எதற்கு என்று மெதுவாகக் கேட்டார். கதவோரத்தில் நின்ற நான் உட்பட நான்கு பேரும் ஒரே குரலில் சோபாவுக்கு என்றோம். அவர் கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். தறி, டிவி, கட்டில், தான் உட்கார்ந்திருந்த நாற்காலி. "ஓ" என்றார். அடுத்த ஞாயிறு ஊசி கேட்டு வாங்கிக்கொண்டு, விரலில் ஏழெட்டு இடத்தில் குத்திக்கொண்டு, இரண்டு சதுரத்தைச் சேர்த்தார். ஒன்று தலைகீழ்.

எட்டாம் மாதம் வந்தது. எனக்குள் பயம் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டே இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது பொய். ராத்திரி சாமி விளக்கின் முன்னால் நின்றால் என்ன வேண்டுவதென்று தெரியாது. குழந்தை என்று சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவள் நானே, அதனால் சாமியிடமும், அந்தப் போர்வை நல்லபடி முடியட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

மூங்கில் கம்பில் சுருள் தடித்துக்கொண்டே போனது. அடியில் வைத்துத் தைக்க வேட்டி போதவில்லை என்று என் வீட்டுக்காரர் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் பழைய வேட்டிகளை எடுத்தார். மூன்று மடிப்பு வைத்துத் தைப்பதால் தடிமன் அப்படித்தான் வரும் என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள், முந்திக்கு நல்ல மெரூன் வேண்டும் என்றார். நெசவுக்காரர் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று என் மெரூன் காட்டன் புடவையைக் கொடுத்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், ஒரு சோபாவின்மேல். காபிப்பொடி நிறம். மூன்று பேர் உட்காரலாம். தெருவில் பாதிப் பேர் வந்து நின்றுவிட்டார்கள். அதை உள்ளே கொண்டுவர டிவியைத் தூக்கிச் சமையலறையில் வைக்க வேண்டியிருந்தது. சோபாவின் ஒரு கை தறியை ஒட்டிக்கொண்டது. இனி என் வீட்டுக்காரர் தறியில் உட்கார வேண்டுமென்றால் சோபாமேல் ஏறிக் குதித்துத்தான் போக வேண்டும்.

இது எதற்கு மாப்பிள்ளை என்று கேட்டேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தெருவில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "சோபா இல்லாத வூட்ல சோபாவுக்குத் தைச்சிகினு இருந்தா யாராச்சும் கேப்பாங்க இல்ல அத்த. அதான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லோருக்கும் மோர் கொண்டுவரப் போனேன். அந்த மனுஷருக்கும் போன வருஷம் ஒரு பிள்ளை போயிருக்கிறது. நான் அதை ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

சோபா வந்துவிட்டது. இனி போர்வையை விரிக்காமல் இருக்க முடியாது. எதிர் வீட்டு அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, விரிங்க, பார்க்கலாம் என்றாள். அந்த வாரம்தான் கடைசி வரிசை முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் கம்பைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சோபாவின் ஒரு முனையிலிருந்து விரிக்கத் தொடங்கினார். மெரூன் நிறத்தில் அழகான முந்தி வந்தது. பிறகு உடல் வந்தது. சோபா முடிந்தது. போர்வை முடியவில்லை. தரைக்கு இறங்கியது. கட்டில் காலைத் தாண்டியது. மகன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனான். அக்கா எழுந்து வழிவிட்டாள்.

நான் முழம் போட்டுப் பார்த்தேன். அகலம் இரண்டு முழம். நீளம் பன்னிரண்டு முழம்.

என் வீட்டுக்காரர் வெறும் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கைக்கு ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தத் தெரியும். உடல் நெய்து, முந்தி நெய்து, பன்னிரண்டு முழம் வந்தால் புடவை முடிந்தது என்று நிற்கும். யாரும் அளவு சொல்லவில்லை, கை தனக்குத் தெரிந்த அளவுக்குப் போய் நின்றுவிட்டது. ரவிக்கைத் துணிதான்பா பாக்கி என்றான் மகன். வாசலில் நின்ற அக்கா சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அதுவே ஒரு சத்தமாக வந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதடி, ஆகாது என்று நான் அவளைத் திட்டிக்கொண்டே, அந்தக் கடைசி முனையைச் சுருட்டுவதற்காக வாசல் பக்கம் குனிந்தேன்.

அதுதான் முதல் வரிசை. நான் சேராமல் முறைத்துக்கொண்டு நின்ற நாட்களில் தைத்தது. தையல் அங்கே ஒரு மாதிரி குடித்தவன் நடை. லுங்கிக் கட்டத்துக்கும் யூனிஃபார்ம் நீலத்துக்கும் நடுவில் ஒரு மஞ்சள் சதுரம். அதில் ஒரு வாத்து.

என் கை அப்படியே நின்றது. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவள் வந்த முதல் வாரமே என் பழம்புடவை தேடிப் பீரோவைத் திறந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. கட்டிலில் படுத்தபடியே, வாசலில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "அது மட்டும் ஏம்மா பீரோவுல தனியா கெடக்கணும்? எல்லாரோடயும் இருக்கட்டும்னு வெச்சேன்."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எந்தச் சட்டையைத் தொட்டுவிடக் கூடாது என்று ஒரு வருஷம் பயந்தேனோ, அதை இவள் ஐந்து மாதமாக மடிப்பு மடிப்பாகச் சுற்றி எங்கள் எல்லோர் கைக்குள்ளும் வைத்திருக்கிறாள். முனையைப் பிடித்துச் சுருட்டினேன். மாப்பிள்ளை அதற்குள் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், சோபா அளவுக்கு வெட்டிவிடலாம் என்று. நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி மேல் ஷெல்பில் வைத்தேன். கிழித்ததைச் சேர்க்கலாம், சேர்த்ததை வெட்டக் கூடாது, இந்த வீட்டில் இப்போது கூடவே கூடாது என்று சொன்னேன். அப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நான் அந்த நிமிஷம் உண்டாக்கியதுதான்.

இருபதாம் நாள் காலையில் வலி எடுத்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். நான் ஒரு ஒயர் கூடை எடுத்துக்கொண்டேன். அதில் ஃபிளாஸ்க், சீப்பு, அவளுடைய இரண்டு நைட்டி. வேறு எதுவும் இல்லை. என் சட்டம் கடைசி நிமிஷம் வரை சட்டம்தான். என் வீட்டுக்காரர் பின்னாலேயே அந்தச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இது எதற்கு என்றேன். ஆஸ்பத்திரி பெஞ்சு சில்லென்று இருக்கும், விரித்து உட்காரலாம் என்றார். ஆனால் மத்தியானம் வரை அவர் அதை விரிக்கவில்லை. வெறும் பெஞ்சில் உட்கார்ந்து, சுருளை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் இரண்டரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. நாலு மணிக்குப் பார்வை நேரத்தில் எங்கள் எல்லோரையும் வார்டுக்குள் விட்டார்கள். மகள் களைத்துப்போய்க் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நர்ஸ் குழந்தையை ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பாப்பாவுக்குப் பழந்துணி கொடுங்கள் என்று கை நீட்டினார்.

என் கூடையில் சீப்பு இருந்தது. ஃபிளாஸ்க் இருந்தது.

ஊரில் இல்லாத சட்டமெல்லாம் போட்டு, பிறந்த பிள்ளைக்கு ஒரு கந்தல்கூட இல்லாமல் வந்து நின்ற ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. அப்போதுதான் அவர் கண் என் வீட்டுக்காரர் தோளுக்குப் போனது. "இன்னாங்க அது, பாயா? யாருக்கு?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். மாப்பிள்ளையும் பார்த்தார். ஐந்து மாதப் பழக்கத்தில் அந்தப் பழைய பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இவளுக்குதாம்மா" என்றேன். "மொதல்லேர்ந்தே இவளுக்குதான்."

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே மெரூன் முந்தியை விரிக்கப் போனார், எங்கள் கைவேலையில் அதுதான் நேர்த்தி. மகள் கண்ணைத் திறக்காமலே, அந்தப் பக்கம் வேண்டாம்பா, முதல் பக்கம் என்றாள். முதல் பக்கம் சுருளின் நடுவில் அல்லவா இருக்கிறது. மாப்பிள்ளை முந்தியைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நிற்க, என் வீட்டுக்காரர் கம்பைச் சுழற்றிக்கொண்டே நடக்க, மகன் நடுவில் தாங்க, அடுத்த கட்டிலில் இருந்த பெண் எழுந்து உட்கார்ந்து பார்க்க, வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அது விரிந்தது. நான் நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டேன். அது பேண்டேஜ் வெட்டுகிற சின்னக் கத்தரி, மூன்று மடிப்பு வேட்டியைக் கடிக்க மறுத்தது. வெட்டக் கூடாது என்று சொன்னவள் நான்தான், அதனால் வேறு யாரையும் தொடவிடாமல் நானே உட்கார்ந்து கால் மணி நேரம் வெட்டினேன்.

இரண்டு முழம் வந்தது. கோணல் தையல், லுங்கி, யூனிஃபார்ம், வாத்து. நர்ஸ் குழந்தையை அதில் சுற்றி மகள் பக்கத்தில் படுக்க வைத்தார். மஞ்சள் சதுரம் கன்னத்துக்குக் கீழே வந்தது. குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

மீதிப் பத்து முழம் வார்டு நடுவில் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. நர்ஸ் அதைத் தாண்டிக் கால் எடுத்து வைத்து, இதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

மகள் குழந்தையின்மேல் கையைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அது சோபாவுக்கு."